காரின் சுழல் கீறல்களைக் கையாலேயே பாலிஷ் செய்து நீக்குதல்: நீலகிரிவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கார் வைத்திருப்பவர்கள் காலையில் வண்டியை எடுக்கும் முன், இரவு முழுவதும் இறங்கிய பனியை ஒரு துணியால் துடைத்துத் தள்ளுவது வழக்கம். அந்தத் துணி பெரும்பாலும் மஞ்சள் துணியாகவோ பனியன் வேஸ்டாகவோ இருக்கும். முந்தைய நாள் மலைப்பாதையில் படிந்த தூசியும் பிரேக் துகளும் பனிநீரில் நனைந்து அத்துணிக்கு அடியில் சிக்கி, பெயின்டின் மேல் இழுபடுகின்றன. மழை விட்டு வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் பானெட்டைப் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுவே.

சுழல் கீறல்கள் எனப்படும் இவற்றைப் பட்டறைக்குப் போகாமல், பாலிஷ் மெஷின் இல்லாமல், கையாலேயே பெருமளவு போக்க முடியும். ஆனால் பாலிஷ் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பெயின்டை அக்கீறலின் அடிமட்டம் வரை நுண்மையாகத் தேய்த்து இறக்குகிறது. தேய்த்து எடுத்த பெயின்ட் திரும்ப வராது என்பதால், எவ்வளவு குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்கலாம் என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

பெயின்டின் தடிமனும் மலை வெயிலும்

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் எனப் பல அடுக்குகள் உள்ளன. கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் இவை அனைத்தும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதால், நாம் தேய்க்கப்போகும் அடுக்கு ஒரு முடியை விடவும் மெல்லியது.

பெயின்டை வெயிலின் புற ஊதாக் கதிர்களிடமிருந்து காக்கும் வேதிப்பொருள்களும் இந்தக் கிளியர் கோட்டில்தான் கலக்கப்பட்டுள்ளன. குளிர் ஊர்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று இங்கே பலர் எண்ணுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே மலையில் ஓடும் காருக்குக் கிளியர் கோட்டைச் சிக்கனமாகச் செலவிடுவது சமவெளியை விடவும் அவசியம். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் ஒரு ரப்பிங் (உராய்பசையால் வண்டியைத் தேய்ப்பது), பொங்கலுக்கு முன் ஒரு ரப்பிங் என்று பட்டறையில் விட்டுவிடும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் கீறலைப் படியுங்கள்

சுழல் கீறல்கள் உண்மையில் வட்டமாக விழுவதில்லை. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக விழுந்த நுண்கீறல்களில், ஒளிக்குச் செங்குத்தாக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் அவை வட்டமாகத் தோன்றுகின்றன. இதைப் பார்க்க நேர் வெயிலோ, இருட்டான ஷெட்டில் கைபேசியின் டார்ச் வெளிச்சமோ வேண்டும். மேகமூட்டமான நாளில் எல்லாக் காரும் நன்றாகத்தான் தெரியும். அந்த வெளிச்சத்தை நம்பி வேலையைத் தொடங்கவும் வேண்டாம், முடிக்கவும் வேண்டாம்.

தனியாகத் தெரியும் கீறல் எவ்வளவு ஆழம் என்பதை இரண்டு எளிய சோதனைகளால் அறியலாம். கழுவித் துடைத்த பெயின்டின் மேல், கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடைபட்டு நின்றால் அக்கீறல் பாலிஷுக்கு அடங்காது. நகம் வழுக்கிச் சென்றால், அதன் மேல் சில துளி தண்ணீர் விடுங்கள்; நனைந்திருக்கும்போது கீறல் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தெரிந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நிற்கிறது என்று கொள்ளலாம். தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ தடவினால் கீறல் போய்விடுகிறது என்று சொல்லப்படுவதும் இதே காரணத்தால்தான். திரவம் பள்ளத்தில் நிற்கும் வரை கீறல் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. உள்ளே வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பிரைமர் தெரிந்தால், அல்லது இரும்பே தெரிந்தால், அங்கே டச்-அப் பெயின்ட் வைத்துத் துருவைத் தடுப்பதுதான் வேலை. மலையின் ஈரத்தில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சில வண்டிகளில் கை வைக்கவே வேண்டாம். பளபளப்பில்லாத மேட் பெயின்டைப் பாலிஷ் செய்தால் அந்த இடம் மட்டும் திட்டாகப் பளபளத்துவிடும். அதைத் திருத்த வழியில்லை. செராமிக் கோட்டிங் போட்ட வண்டியில் பாலிஷ் அந்தக் கோட்டிங்கையே எடுத்துவிடும். பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதன் நிறுவனம் சொல்லும் முறையையே பின்பற்றுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய கார்களில் தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறமே ஒட்டும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் குறைவாகத் தேய்க்க வேண்டும். கிளியர் கோட் உள்ள காரில் துணியில் நிறம் ஒட்டினால், கிளியர் கோட் தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள்.

வாங்க வேண்டியவை

கையால் தேய்க்க ஏற்றது என்று புட்டியிலேயே குறிப்பிட்டுள்ள ஒரு நுண்ணிய காம்பவுண்ட் (பெயின்டைத் தேய்க்கும் உராய்பசை), அதைவிட நுண்ணிய ஒரு ஃபினிஷிங் பாலிஷ், நான்கைந்து ஃபோம் அப்ளிகேட்டர்கள் (பாலிஷ் தேய்க்கும் பஞ்சு பேடுகள்), 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) உள்ள மைக்ரோஃபைபர் துணிகள் ஒரு டஜன், கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி), கார் ஷாம்பு, மாஸ்கிங் டேப், பெயின்டின் மேல் பாதுகாப்புக்குப் பூசும் வேக்ஸ் அல்லது சீலண்ட் ஆகியவை போதும். டிங்கரிங் பட்டறைகளில் டப்பாவில் கிடைக்கும் முரட்டு ரப்பிங் காம்பவுண்டுகள் மெஷினுக்கும், புதிதாக அடித்த பெயின்டைச் சமன் செய்வதற்கும் உரியவை. கையால் தேய்த்தால் அவை விடும் தடங்களைக் கையாலேயே போக்குவது மிகக் கடினம். 2000, 3000 எண் உப்புத்தாளுக்கும் இது பொருந்தும். பற்பசையையும் விட்டுவிடுங்கள். பல்லுக்கென்று செய்த உராய்பொருள் பெயின்டில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

துணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புதிய மைக்ரோஃபைபர் துணியானாலும் ஒருமுறை தனியாகத் துவைத்த பிறகே பயன்படுத்துங்கள். துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் அதன் நுண்ணிழைகள் அழுக்கை இழுக்கும் தன்மையை இழக்கும். ஓரத் தையலும் லேபிளும் கூடக் கீறக்கூடியவை என்பதால் லேபிளை வெட்டிவிடுங்கள். தரையில் விழுந்த துணியை அன்றைய வேலையில் மீண்டும் தொடக் கூடாது.

நாளும் இடமும்

கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே திறந்த வெளியில் வேலை செய்பவர்களுக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் மிக நல்லவை. நாளில் காலை 11 மணிக்கு மேல், தகட்டின் ஈரம் முழுதும் போன பிறகு தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் வேக்ஸையும் துடைத்து முடித்துவிடுங்கள். மாலையில் மேகம் இறங்கும்போது தகடு சட்டென்று குளிர்ந்து ஈரம் கோத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் வேக்ஸ் காயாமல் மங்கலாகப் பூசிக்கொண்டு நிற்கும். மலையில் நமக்கு உள்ள ஓர் அனுகூலத்தையும் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் வெயிலில் பானெட்டின் மேல் வைத்த காம்பவுண்ட் ஒரு நிமிடத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே அது நீண்ட நேரம் ஈரமாக இருப்பதால் புதியவர்கள் அவசரமின்றித் தேய்க்கலாம்.

நிழலான, காற்றில் தூசி வராத, சமமான இடம் தேடுங்கள். சில்வர் ஓக், கற்பூர மரம், சைப்ரஸ் ஆகியவற்றின் அடியில் வேண்டாம். வேலையின் நடுவில் ஒரு சருகு விழுந்து துணிக்கு அடியில் போனாலே புதிய கீறல் உண்டாகும். வீட்டு வாசல் சரிவாக இருந்தால் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே வண்டியின் மேல் சாயுங்கள். ஓடைக்கரையில் வண்டியைக் கழுவுவதை அறவே தவிர்க்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே உள்ள ஊர் குடிக்கிறது.

கழுவுதல், கிளே பார்

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். முதலில் குழாய் நீரால் மண்ணைத் தளர்த்தி வழியவிடுங்கள். பிறகு ஷாம்பு நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, ஒவ்வொரு முறையும் கையுறையை வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்புவில் தோய்க்க வேண்டும். எஸ்டேட் மண்பாதைச் சேறு அதிகமாக ஒட்டியிருக்கும் கீழ்ப் பகுதிகளையும் சக்கரங்களையும் கடைசியில், வேறு துணியால் கழுவுங்கள்.

கழுவியும் போகாத அழுக்கு ஒன்று மலை வண்டிகளில் உண்டு. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கல்லட்டியின் 36 வளைவுகளிலும் இறங்கும் வண்டிகளின் பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்கள் பெயின்டில் ஒட்டித் துருப்பிடிக்கின்றன. வெள்ளைக் காரில் இவை ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகத் தெரியும். இவற்றோடு மரப் பிசினும் தாரும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய ரப்பர் கையுறை அணிந்து, ஈரமான பெயின்டின் மேல் விரல்களைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் கிளே பார் தேவை. இதற்கு வெளியூர்களில் நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொள்வார்கள். நம் மாவட்டத்தில் அதற்குத் தடை இருப்பதால் கையுறையே சரி.

கிளே பாரில் சிறு துண்டைப் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு நீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சில தடவைகளிலேயே உரசல் ஓசை நின்று துண்டு வழுக்கத் தொடங்கும். அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் புதிய முகத்தை வெளியே எடுத்துக்கொண்டே இருங்கள். தரையில் விழுந்த துண்டு எவ்வளவு புதியதாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். அதில் ஒட்டிய ஒரு மணல் பருக்கை மொத்த பானெட்டையும் கீறிவிடும். பின்னர் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்துங்கள்.

தேய்க்கும் முறை

கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகள், ரப்பர் விளிம்புகள், கதவு விளிம்புகள், பானெட்டின் எடுப்பான மடிப்புக் கோடுகள் ஆகிய அனைத்தின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லியதாக இருப்பதோடு கையின் அழுத்தம் முழுவதும் அங்கேயே குவியும்.

ஒரே மூச்சில் முழுக் காரையும் தொடங்காதீர்கள். பானெட்டிலோ டிக்கியிலோ ஓர் அடிச் சதுரத்தை டேப்பால் குறித்துக்கொண்டு, முதலில் ஃபினிஷிங் பாலிஷை மட்டும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். அதிலேயே கீறல்கள் போதுமான அளவு மறைந்தால் காம்பவுண்டைத் திறக்கவே தேவையில்லை. மறையாவிட்டால் மட்டும் அதே இடத்தில் காம்பவுண்டை முயன்று பாருங்கள். பெயின்டின் கடினத்தன்மை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் நிறத்துக்கு நிறம் மாறுபடுகிறது. பக்கத்து வீட்டுக் காரில் பலித்தது உங்கள் காரில் பலிக்கும் என்பதில்லை. இந்தச் சோதனைச் சதுரத்தில் கிடைக்கும் விடையே மற்ற எல்லா இடங்களுக்கும் வழிகாட்டி.

தேய்க்கும்போது துணியை விரலில் சுற்றிக்கொண்டு தேய்ப்பது தவறு. விரல் நுனிகளின் அழுத்தம் கோடு கோடாக இறங்கி, பெயின்டில் அலை அலையாகத் தடம் விடும். ஃபோம் அப்ளிகேட்டரை உள்ளங்கை முழுதும் படியும்படி பிடித்து, அதன் மேல் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு வைத்து, குறித்த இடம் முழுவதும் முதலில் மெல்லப் பரப்புங்கள். பிறகு இடமிருந்து வலமாக, ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மறைக்கும்படி நேர்கோட்டில் தேய்த்து, அந்தச் சதுரம் முடிந்ததும் மேலிருந்து கீழாக அதேபோல் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. ஆனால் ஒருவேளை தடம் ஏதும் எஞ்சினால், வட்டமாகத் தேய்த்தது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கண்ணில் படும், நேர்கோட்டுத் தடமோ ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும்.

அழுத்தம் தொடக்கத்தில் மிதமாக இருக்கட்டும். ஒருவரின் காலைப் பிரியமாக நீவிவிடும் அளவுக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடங்களில் பாலிஷ் படலம் மெலிந்து அரைகுறையாகத் தெளிவாகும்போது அழுத்தத்தைக் குறைத்து, கடைசிச் சில இழுப்புகளைப் பேடின் எடையோடு மட்டும் முடியுங்கள். முழுதும் காயும் வரை தேய்க்காமல், சற்று ஈரம் இருக்கும்போதே சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். சில சதுரங்கள் முடிந்ததும் பேடின் முகத்தில் பழைய பாலிஷும் தேய்ந்த பெயின்டும் கெட்டியாகப் படிந்திருக்கும். அப்போது பேடை மாற்றுங்கள். காம்பவுண்டுக்குப் பயன்படுத்திய பேடை ஃபினிஷிங் பாலிஷுக்கு ஒருபோதும் எடுக்கக் கூடாது.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை உடனே நம்பாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய்கள் மிச்சக் கீறல்களைத் தற்காலிகமாக மூடியிருக்கும். 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்தால் எண்ணெய் போய், பெயின்டின் உண்மை நிலை தெரியும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். முக்கால் பங்கு கீறல்கள் போயிருந்தால் அது கைவேலைக்கு நல்ல பலன். எஞ்சிய ஆழமான சில கோடுகளுக்காக மூன்றாவது, நான்காவது சுற்று போக வேண்டியதில்லை. மெஷின் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் அசைவதைக் கை செய்ய முடியாது, அதைச் செய்ய முயல்வதால் தோள்வலிதான் மிஞ்சும். ஆனால் மெஷின் எட்டாத இடங்களில் கைதான் சிறந்தது. கதவுக் கைப்பிடிக்கு உள்ளே நகமும் சாவியும் கீறிய குழி, பெயர்ப் பட்டையின் சுற்றுப்புறம், கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண், பம்பரின் வளைவுகள் ஆகியவற்றை நிதானமாகக் கையால் செய்தால் வண்டியின் தோற்றமே மாறிவிடும்.

பானெட் ஒன்றுக்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பகுதி என்று வைத்துக்கொண்டால் வேலையின் தரம் குறையாது. தனிக் கீறல் ஒன்றை மட்டும் தேய்க்கும்போதும் அதன் மேலேயே விரலால் குடையாமல், சுற்றிலும் ஓர் அடி அகலத்துக்குப் பரப்பித் தேய்க்க வேண்டும்.

வேக்ஸ்

பாலிஷ் செய்த பெயின்ட் பாதுகாப்பின்றி இருக்கிறது. அன்றே வேக்ஸோ சீலண்டோ போடுங்கள். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா வேக்ஸ் நல்ல மினுமினுப்பைத் தரும்; செயற்கைச் சீலண்ட் அதைவிட நீடித்து நிற்கும் என்பதால் மழை மாதங்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் மிக மெல்லியதாகப் பூசுங்கள். விரலால் தொட்டு இழுத்தால் பூச்சு ஒட்டாமல் தெளிவான கோடு விழ வேண்டும், அப்போதுதான் துடைக்கலாம். நம் குளிரில் இதற்குப் புட்டியில் எழுதியதை விடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பனிக்காலத்தில் கீறாமல் காப்பது

அக்டோபர், நவம்பரில் நீர்ப்பனியும், டிசம்பர் முதல் உறைபனியும் இறங்கும் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் காலைத் துடைப்பை மாற்றாவிட்டால் மேலே சொன்ன உழைப்பு ஒரு பருவத்தில் வீணாகிவிடும். நீர்ப்பனியை உலர்துணியால் இழுக்காமல், முதலில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் தூசியோடு வழியவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். ஓட்டுவதற்குக் கண்ணாடிகளும் விளக்குகளும் சுத்தமாக இருந்தால் போதும். பானெட்டும் கூரையும் வெயில் ஏறியதும் தாமே உலர்ந்துவிடும். உறைபனியைச் சுரண்டவே கூடாது. குழாயில் வரும் சாதாரணத் தண்ணீரே மெல்லிய உறைபனியைக் கரைக்கப் போதும். கொதிநீர் ஊற்றினால் முன் கண்ணாடி விரிசல் விடக்கூடும்.

கார் கவர் போடுபவர்கள் கழுவிய வண்டிக்கு மட்டுமே போட வேண்டும். தூசி படிந்த வண்டியின் மேல் கவரைப் போட்டுக் கட்டினால், இரவுக் காற்றில் அது அசைந்து அசைந்து, துணியால் துடைப்பதைப் போலவே கீறும். தண்ணீர் தெளித்ததும் உருண்டு ஓடாமல் தட்டையாகப் பரவி நிற்கத் தொடங்கினால் வேக்ஸ் தேய்ந்துவிட்டது. கழுவி மீண்டும் வேக்ஸ் மட்டும் போடுங்கள், காம்பவுண்டை எடுக்க வேண்டாம்.